இரும்புக்கை மாயாவி: மறக்கப்பட்ட வீரர்கள் மறுபடி எழுந்த கதை



‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரில் படம் எடுக்கும் ஆசையை இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பேட்டிகளில் சொன்னதிலிருந்து, “யார் சார் அந்த மாயாவி?” என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். ஐம்பதைத் தாண்டிய காக்காமாருக்கு இது தெரிந்த கதை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நம் மன்னார் வளைகுடாவில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வளர்ந்த எங்களுக்கு முத்து என்றால் சிவகாசி முத்துதான். சௌந்திரபாண்டியன் அவர்கள் தொடங்கிய முத்து காமிக்ஸ் 1972-ல் வந்தது. முதல் ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் புத்தகமே ‘இரும்புக்கை மாயாவி’. எங்கள் தெருவில் ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் படிப்போம். கடைசி ஆள் கைக்கு வரும்போது அட்டை இருக்காது.

மாயாவியின் பிறந்த ஊர் லண்டன். 1962-ல் ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் வார இதழில் பிறந்தார். எழுதியவர் கென் பல்மர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீஸஸ் பிளாஸ்கோ. லூயிஸ் கிராண்டேல் என்ற ஆய்வக உதவியாளர் விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக்கை பொருத்திக்கொள்கிறார். அவர் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். முதலில் அந்தச் சக்தியைத் தீய வழியில் பயன்படுத்தியவர், பிறகு திருந்தி ரகசிய உளவாளி ஆகிறார்.

அவருக்குத் துணையாக இன்னும் இருவர். ஒருவர் குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்தான் ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதினார். இன்னொருவர் இரும்பு மனிதன் ஆர்ச்சி. இந்த இருவரும் பிறந்தது இங்கிலாந்தின் ‘லயன்’ வார இதழில். அந்த லயன் 1974-லும், வேலியன்ட் 1976-லும் வேறு இதழ்களோடு இணைக்கப்பட்டு மறைந்தன. சொந்த நாட்டில் இந்த வீரர்களை மெல்ல மறந்துபோனார்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது. அங்கே மறந்த காலத்தில் இங்கே அவர்கள் நாயகர்கள். 1984-ல் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் சிவகாசியில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். ஸ்பைடரும் ஆர்ச்சியும் அதில் கொடி கட்டிப் பறந்தார்கள்.

இங்கிலாந்தில் மீட்பு முயற்சி 2005-ல் வந்தது. ஆலன் மூர் கதைக்கரு தர, மகள் லியா மூரும் மருமகன் ஜான் ரெப்பியனும் ‘ஆல்பியன்’ என்ற ஆறு இதழ்த் தொடரை எழுதினார்கள். பழைய வீரர்கள் எல்லோரும் உண்மையில் வாழ்ந்தவர்கள், அரசாங்கம் அவர்களை ஸ்காட்லாந்தில் ஒரு சிறையில் அடைத்து வைத்திருக்கிறது என்பது கற்பனை. யோசித்துப் பாருங்கள், பெட்டிக்குள் பூட்டி வைத்த உரிமைகளுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை உண்டா? பிறகு ரெபெல்லியன் நிறுவனம் 2018-ல் அந்தப் பழைய இதழ்களின் உரிமையை வாங்கி, மாயாவியையும் ஸ்பைடரையும் மீண்டும் நூலாக்கியது.

தமிழிலும் இடையில் தொய்வு வந்தது. 2012-க்குப் பின் லயனும் முத்துவும் மறுபடி ஒழுங்காக வரத் தொடங்கின. பழைய மாயாவி கதைகள் மறுபதிப்பாயின. சந்தா கட்டுபவர்களும் புத்தகக் கண்காட்சியில் வரிசையில் நிற்பவர்களும் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், அல்லது பத்து வயது இளையவர்கள். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் நின்று செல்போன் பார்க்கிறார்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

ஆங்கிலேயர் கதையை மாற்றி மீட்டார்கள், நாம் அப்படியே அச்சிட்டு மீட்டோம். இரண்டிலும் மகிழ்ந்தது பழைய வாசகர்தான். 1972-ல் மாயாவி ஜெயித்த காரணம் வேறு. லூயிஸ் கிராண்டேலுக்குப் பையன்கள் வாயில் நுழையும் தமிழ்ப் பெயர் கிடைத்தது. பேச்சும் தமிழில் வந்தது. சேர்த்து வைத்த சில்லறையில் வாங்க முடிந்தது. வகுப்பில் எழுத்துக்கூட்டித் திணறும் பையன், அடுத்து என்ன ஆகுமோ என்ற துடிப்பில் முழுப் பக்கமும் தானே படிப்பான். பாடநூல் கொடுக்காத வேகம் அது.

இன்றைய பிள்ளைகள் ஸ்பைடர்மேனை ஆங்கிலத்தில் அறிவார்கள். தமிழில் ஒரு பக்கம் படிக்கச் சொன்னால் பலர் நெளிகிறார்கள். வெளிநாட்டில் வளரும் நம் ஊர்ப் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். மாயாவியை யாராவது புதிதாக எழுப்புவதென்றால், இந்தப் பிள்ளைகளுக்காக எழுப்பட்டும்: அவர்கள் பேசும் எளிய தமிழில், அவர்கள் கைக்காசுக்குக் கட்டுப்படியாகும் விலையில்.

அதுவரை நம் வேலை ஒன்று உண்டு. பரணில் பழைய முத்து, லயன் இருந்தால் இறக்குங்கள். பத்திரமாகப் பூட்டி வைக்காமல் பிள்ளைகள் கையில் கொடுங்கள். கிழிந்தால் கிழியட்டும்.

உங்களிடம் இருக்கும் புத்தகங்களின் அட்டைப் படத்தைக் கீழே போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.