முதுமை எய்திய படைவீரரும் இல்லப் பராமரிப்பும்: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால், ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரர்களுள் பெரும்பாலோர் தாம் இன்னும் ஜீவித்திருப்பதை அரசாங்கத்துக்கு நிரூபித்தாக வேண்டும். நெடுங்காலம் வங்கியின் வரிசையில் நின்று கொடுத்துவந்த அந்த வாழ்நாள் சான்றை, 2014 முதல் கைரேகை பதித்து மின்னணு முறையில் அனுப்பலாம் என்று ஆயிற்று. பின்னர், நடமாட இயலாத முதியோரின் பொருட்டு, தபால்காரரே கருவியோடு வீட்டுக்கு வந்து, படுக்கையில் கிடப்பவரின் விரலைப் பற்றிப் பதிவு செய்துகொண்டு போகும் ஏற்பாடும் வந்தது. நல்ல ஏற்பாடு, குறை சொல்வதற்கில்லை. ஆயினும், ஒருவர் உயிரோடிருக்கிறார் என்பதை உறுதிசெய்துகொள்ள அவருடைய கட்டிலருகே வரும் அரசாங்கம், அந்த உயிரைப் பேணும் காரியத்துக்கு மட்டும் அவரையே வாசற்படி இறங்கி வரச் சொல்லுவது என்ன நியாயம் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவைத் தாம்பரத்தை வைத்து ஆராய்வதற்குக் காரணம் உண்டு. அதன் அருகேயுள்ள பரங்கிமலையும் பல்லாவரமும் கும்பினியார் காலந்தொட்டுப் பாசறை ஊர்கள். இன்றும் அவ்விரண்டின் பெயரால் ஒரு கண்டோன்மென்ட் இருந்துவருகிறது. சீன யுத்தத்துக்குப் பின் அதிகாரிகள் அவசரமாகத் தேவைப்பட்டபோது, 1963-இல் பரங்கிமலையில் தொடங்கப்பட்ட பயிற்சிப் பள்ளியே இன்றைய அதிகாரிகள் பயிற்சிக் கழகம். தாம்பரத்திலோ விமானப்படையின் நிலையமும், விமானமோட்டக் கற்பிப்போரைப் பயிற்றும் பள்ளியும், இயந்திரப் பயிற்சிக் கூடமும் உள்ளன. இவற்றில் பணிபுரிந்தோரும், நாட்டின் வேறு மூலைகளில் பணிபுரிந்துவிட்டுச் சென்னைக்கு அருகே மனை வாங்கியோருமாகப் பலர் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் என்று குடியேறினர். அவர்கள் வீடு கட்டிய நாளில் ஏரிக்கரையும் வயலுமாக இருந்த ஊர்கள், 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டன. பட்டாளத்து மிடுக்கோடு சைக்கிளில் கேன்டீனுக்குப் போய்வந்த மனிதர், அதே வீட்டில், அதே தெருவில், இன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடக்கவே சிரமப்படுகிறார்.

இராணுவ உத்தியோகத்துக்கு உரிய ஒரு விசேஷத்தை இங்கே கவனித்தல் வேண்டும். ஏனைய அரசு ஊழியர் அறுபதை ஒட்டி ஓய்வு பெறுவர். சிப்பாயோ பதினைந்து, பதினேழு ஆண்டுச் சேவைக்குப் பின், நாற்பது வயதுக்கு முன்னும் பின்னுமாகவே வெளியேறிவிடுகிறார். அப்புறம் வாட்ச்மேனாகவோ வங்கிக் காவலராகவோ இன்னொரு வாழ்நாள் உழைக்கிறார். 1971 யுத்தத்தில் இருபது வயதினராக நின்றவர் இன்று எழுபதின் நடுவே இருக்கிறார். அவருடைய மனைவியும் எழுபதை நெருங்கியோ கடந்தோ இருப்பார். பிள்ளைகளில் ஒருவர் பெங்களூரிலும் ஒருவர் கடல் கடந்தும் இருப்பது இந்தப் புறநகர்களில் சாதாரணம். ஆகவே பராமரிப்பு என்று நாம் பெரிய சொல்லால் குறிப்பது, நடைமுறையில், முழங்கால் வலியுள்ள ஒரு மூதாட்டி, தம்மைக் காட்டிலும் கனத்த ஒரு முதியவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பதையும், சிறுநீர்க் குழாயின் பையை மாற்றுவதையும், படுக்கைப்புண் வந்துவிடக் கூடாதே என்று முதுகைத் தடவிப் பார்ப்பதையுமே குறிக்கிறது. இருபத்து நான்கு மணி நேர ஆள் வைத்துக்கொள்ளும் கூலி ஒரு சிப்பாயின் ஓய்வூதியத்தில் எவ்வளவை விழுங்கும் என்பதை விசாரித்தவர் அறிவர்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்பது என் வாதமன்று. 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், ஈ.சி.எச்.எஸ். என்று எல்லோரும் அழைப்பது, இந்நாட்டின் பெரிய நன்மைகளுள் ஒன்று. அதற்கு முன்னர், ஓய்வு பெற்றவர் இராணுவ மருத்துவமனையில் இடமிருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை என்ற நிலையில் இருந்தார். இன்று தாம்பரத்தில் உள்ள பாலிகிளினிக்கில் மருத்துவரைக் கண்டு, அவர் எழுதிக்கொடுக்கும் ரெஃபரல் சீட்டோடு பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்குச் சென்று, கைப்பணம் கொடாமலே சிகிச்சை பெறலாம். பரங்கிமலையில் குறுகிய கால அதிகாரிகளாகப் பயிற்சி பெற்று, ஓய்வூதியம் இன்றியே வெளியேறியவர்கள், அவ்வூதியம் இல்லாத காரணத்தாலேயே நெடுநாள் இத்திட்டத்துக்குப் புறம்பாக நின்றனர். அவர்களையும் இரண்டாம் உலக யுத்த வீரர்களையும் 2019-இல்தான் உள்ளே சேர்த்தார்கள். யுத்தம் முடிந்து எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதன் வீரர்களுக்கு மருத்துவ உரிமை வழங்கியதைத் தாமதம் என்பதா, தயை என்பதா என்று வாசகரே தீர்மானிக்கலாம்.

ஆனால் இத்திட்டத்தின் அங்கங்களுள் பெரும்பாலானவை நோயாளி நடந்து வருவார் என்ற அனுமானத்தின்மேல் எழுப்பப்பட்டுள்ளன. மருந்தை வேறொருவர் வாங்கி வரலாம். உடம்பை வேறொருவர் கொண்டு போய்க் காட்ட முடியாது. பக்கவாதத்தில் விழுந்த ஒருவரை மாடியிலிருந்து இறக்கி, ஆட்டோவிலோ ஆம்புலன்ஸிலோ ஏற்றி, ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலில் கொண்டுபோய்க் காத்திருந்து திரும்புவதற்குள் ஒரு பகல் போய்விடும். அந்தப் பகலின் அலுப்பு தீர ஒரு வாரம் ஆகும். 2021-இல் வந்த சேஹத் என்னும் தொலைமருத்துவ ஏற்பாட்டில் வீட்டிலிருந்தே மருத்துவரோடு பேசலாம். பார்வை மங்கிய முதியவருக்கு அந்தத் திரை எவ்வளவு பயன்படும் என்பது ஒருபுறமிருக்க, புண்ணைக் கழுவிக் கட்டும் கை அந்தத் திரைக்கு இல்லை. வீட்டில் நாள்தோறும் உடனிருக்கும் பராமரிப்பாளரின் கூலியோ திட்டத்தின் கணக்கில் சேர்வதே இல்லை.

பணமாகத் தரப்படுவனவற்றையும் பார்ப்போம். எண்பது வயதில் ஓய்வூதியம் 20 சதவீதம் கூடுகிறது. பிறகு படிப்படியாக ஏறி, நூறாவது வயதில் இரட்டிப்பாகிறது. முதுமைக்குச் செலவு உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதற்கு இது சாட்சி. உடனிருப்போர் படி என்று இன்னொன்று உண்டு. 2017 ஜூலை முதல் மாதம் 6,750 ரூபாயாக உயர்த்தப்பட்ட அந்தப் படி, சேவையின் காரணமாக நூறு சதவீத ஊனமுற்று, பிறர் துணையின்றி இருக்க இயலாதவருக்கு உரியது. குண்டுபட்டு வீழ்ந்த உடம்புக்கு ஆள் வேண்டும் என்று உணர்ந்த விதி, காலத்தால் வீழ்ந்த உடம்புக்கும் அதே ஆள் வேண்டும் என்பதை உணரவில்லை. ஓய்வூதியமே இல்லாத, அறுபத்தைந்து வயது கடந்த கீழ்நிலைப் படைவீரருக்குரிய வறுமை உதவித்தொகை, நெடுநாள் 4,000 ரூபாயாக இருந்து, 2025-இல் 8,000 ஆயிற்று. அதைக்கொண்டு உணவும் மருந்தும் வாங்கலாம், துணைக்கு ஆள் அமர்த்த முடியாது.

இந்தப் புறக்கணிப்பின் வேர் விதிகளைக் காட்டிலும் ஆழத்தில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் வழக்கத்தைத் தொல்காப்பியர் ஆறு துறையாக வகுத்துரைத்தார். போரிலிருந்து உயிரோடு மீண்டு, பல் விழுந்து, கோலூன்றி நடந்தவனுக்கு எத்துறை உண்டு? புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் பாட்டு, இருமலோடு இளமையை எண்ணும் ஒரு கிழவனுடையதே. ஆனால் அவன் வாளெடுத்தவனா என்று பாட்டுச் சொல்லவில்லை. நம் மரபு வீரனுக்குக் கொடுத்த கௌரவம் பெரும்பாலும் சாவின் கௌரவம். நந்தம்பாக்கத்து யுத்த மயானத்தில் இரண்டாம் உலக யுத்தத்தில் மாண்டவரின் கல்லறைகளைச் சுற்றிப் புல்லை அளவாக வெட்டி வைத்திருக்கும் ஒழுங்கைக் கண்டு வந்தவன், சில மைல் தெற்கே பிழைத்து வந்தவரின் கட்டிலருகே அந்த ஒழுங்கில் பாதியாவது உண்டா என்று கேளாதிருக்க முடியாது.

வாசலுக்குச் செல்லும் மருத்துவம் நடவாத கனவன்று. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் மாநில அரசின் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து கொடுப்பதோடு, படுத்த படுக்கையானோருக்கு இயன்முறைச் சிகிச்சையும் நோய்த் தணிப்புச் சேவையும் வீட்டிலேயே தருகிறது. கேரளம் 2008 முதலே உள்ளாட்சிகளின் செவிலியரை வீடுகளுக்கு அனுப்பி வருகிறது. அமெரிக்காவில் படைவீரர் துறை, வீட்டுக்கே மருத்துவக் குழுவை அனுப்பும் முறையை 1970-களில் தொடங்கியது. 2010-இல் இயற்றிய சட்டத்தால், பராமரிக்கும் குடும்பத்தினருக்கே படி கொடுக்கவும் முன்வந்தது. நம் நிலையில் உள்ள சிக்கல் அரசியலமைப்பின் பங்கீட்டில் இருக்கிறது: மருத்துவமனையும் பொதுச் சுகாதாரமும் மாநிலத்தின் அதிகாரம்; பாதுகாப்பும் படைவீரர் ஓய்வூதியமும் மத்திய அரசின் அதிகாரம். ஒரே தெருவில், மாநிலத்தின் தன்னார்வலர் அடுத்த வீட்டுப் பாட்டிக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போகிறார்; மிலிட்டரிக்காரர் வீட்டுக்குத் தனி வழி இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

அரசாங்கமே வீட்டுக்குப் பராமரிப்பை அனுப்புவதற்கு இரண்டு ஆக்ஷேபங்கள் கூறப்படுவதுண்டு. முதியோரைப் பேணுவது பிள்ளைகளின் தர்மம், அதை அரசாங்கம் ஏற்றால் குடும்பம் தளரும் என்பது ஒன்று. பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் வாங்கித் தரலாம். இரவு இரண்டு மணிக்குப் புரட்டிவிடும் கையை எந்தத் தீர்ப்பாயமும் வாங்கித் தர இயலாது. மனைவியின் மூட்டுவலியைக் குடும்பத்தின் பலம் என்று எண்ணுவது கொடுமை. செலவு என்பது மற்றொன்று. இதற்கு நான் கூறும் விடை கையருகிலேயே உள்ளது: முப்படைகளின் மருத்துவப் பிரிவுகளில் செவிலி உதவியாளராகத் தேர்ந்தவர்கள் நாற்பது வயதை ஒட்டி வெளிவந்து, தாம் கற்ற தொழிலுக்குத் தொடர்பே இல்லாத வாயிற்காவல் வேலையில் அமருகிறார்கள். பாலிகிளினிக்குகள் ஏற்கெனவே முன்னாள் படைவீரரை ஒப்பந்தத்தில் நியமிப்பவை. அதே முறையில் இவர்களில் சிலரை வீட்டுக்குச் செல்லும் பணியில் அமர்த்தினால், குழாய் மாற்றத் தெரிந்த கையும் கிடைக்கும், பட்டாளத்துப் பாஷை பேசும் துணையும் கிடைக்கும். வெளியாள் கையால் குளிக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் ஒரு கிழ ஹவில்தார், தம் ரெஜிமென்டின் பெயர் தெரிந்தவனிடம் இணங்கிவிடுவார் என்பது என் அபிப்பிராயம்.

படுக்கையில் உள்ள படைவீரர் யார் யார் என்பதை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும், பாலிகிளினிக்கும், மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையங்களும் தத்தம் ஏடுகளில் துண்டு துண்டாக வைத்திருக்கின்றன. இம்மூன்றையும் ஒரு மேஜையில் பரப்பிப் பார்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. அடுத்த நவம்பரில் தபால்காரர் கைரேகைக் கருவியோடு மாடம்பாக்கத்துக்குப் போகும்போது, அவர் கதவைத் தட்டும் வீடுகளின் பட்டியலை வாங்கிக்கொண்டு ஒரு செவிலியும் உடன் போகட்டும்.