பின்புலமாய் நின்ற தெரு: கிளாஸ்கோ டிராம் புகைப்படங்களை வாசித்தல்

1950களில் கிளாஸ்கோ மாநகராட்சி தன் டிராம் தடங்களை ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டிருந்தபோது, டிராம் ஆர்வலர்கள் புகைப்படக் கருவியுடன் புறநகர்த் தெருக்களில் காத்து நின்றனர். அவர்கள் பதிவுசெய்ய விரும்பியது வண்டியைத்தான். படக்குறிப்பில் வண்டியின் எண்ணும் தடத்தின் எண்ணும் முதலிடம் பெற்றன. தெருவின் பெயர் இரண்டாம்பட்சம். ஆயினும் தெரு படத்துக்குள் நுழைந்துவிட்டது: கரி படிந்த மணற்கல் குடியிருப்புகள், மூலைக்கடையின் பெயர்ப்பலகை, வண்டியேறச் சாலையின் நடுப்பகுதிக்கே நடந்துசெல்லும் மனிதர்கள். வண்டிகள் மறைந்தபின் வரலாற்றாய்வாளருக்கு அந்தப் பின்புலமே முதன்மைச் சான்றாகிவிட்டது.

இதே நகரின் இடிக்கப்படவிருந்த சந்துகளைத் தாமஸ் ஆனன் 1868க்கும் 1871க்கும் இடையே படமெடுத்தார். நகரச் சீரமைப்பு அமைப்பு ஒப்படைத்த பணி அது. எதைக் காட்டவேண்டும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது. டிராம் படங்களுக்கு அத்தகைய நோக்கம் இல்லை. செல்வர் வாழ்ந்த தெரு, தொழிலாளர் வாழ்ந்த தெரு என்ற பாகுபாடின்றி, தண்டவாளம் சென்ற இடமெல்லாம் அவற்றில் பதிவாயிற்று. ஆனால் அதையே மறுபுறம் திருப்பியும் சொல்லவேண்டும்: தண்டவாளம் செல்லாத குறுக்குத் தெரு இந்தத் தொகுப்புகளில் இல்லவே இல்லை. அங்கு வாழ்ந்தோரின் வாசல் யாருடைய படத்திலும் விழவில்லை.

புறநகர் என்பதே ஓரளவுக்கு டிராமின் படைப்பு. 1872இல் குதிரை இழுத்த வண்டிகளுடன் தொடங்கிய சேவையை 1894இல் மாநகராட்சி தானே ஏற்று நடத்தத் தொடங்கியது. 1898இல் மின்சாரம் வந்தது. உச்சத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடின. நகர எல்லை கடந்து பெய்ஸ்லி, ஏர்ட்ரி வரை தடங்கள் நீண்டன. மலிவான கட்டணம் வேலையிடத்தையும் வீட்டையும் பிரித்துவைக்க வழிசெய்தது. 1920களில் மாநகராட்சி எழுப்பிய மாஸ்பார்க் குடியிருப்பை ஒட்டிய அகன்ற சாலையில் டிராமுக்கெனத் தனித்தடமே ஒதுக்கப்பட்டது.

இப்படங்களுக்குக் காலமும் இடமும் குறிப்பதில் ஒரு சுவையான சிக்கல் உண்டு. 1938இல் தட எண்கள் அறிமுகமாகும்வரை, வண்டியின் மேல்தளத்தில் தீட்டப்பட்ட சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், வெள்ளைப் பட்டைகளே தடத்தை உணர்த்தின. மக்களும் ‘பச்சை வண்டி’, ‘மஞ்சள் வண்டி’ என்றே வழங்கினர். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த மொழி அழிந்துபோகிறது. எனவே தெருவைக் கொண்டு தடத்தையும், வண்டியின் வகையைக் கொண்டு தெருவின் காலத்தையும் கணிக்கவேண்டியுள்ளது. பொருளிழந்த சொல்லை அதன் சூழல்கொண்டு மீட்கும் உரையாசிரியரின் வேலைக்கு இது நெருக்கமானது.

மொழியிலும் தடம் எஞ்சியிருக்கிறது. கிளாஸ்கோ பேச்சுவழக்கில் டிராம் ‘கார்’ அன்று, ‘கோர்’. கடைசிவரை ஓடிய 9ஆம் தடத்தின் கிழக்கு முனை ஆகன்ஷகல். கம்புதானிய இனத்தைச் சேர்ந்ததன்று, ‘ரை’ என்னும் குளிர்நிலத் தானியம் விளைந்த வயல் என்பது இப்பெயருக்குக் கூறப்படும் கேலிக் மொழிப் பொருள். ஸ்காட்ஸ் மொழியில் ‘ஷூகல்’ என்றால் குலுங்குதல். குலுங்கிச் செல்லும் வண்டியின் முனையம் என்பதால் அப்பெயர் கேட்டோருக்கெல்லாம் வேடிக்கையாக ஒலித்தது. வயல் போயிற்று, வண்டியும் போயிற்று, ஒலி மட்டும் நிற்கிறது.

1962 செப்டம்பர் 4 அன்று மழையில் நடந்த இறுதி ஊர்வலத்தைக் காண ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் கூடினர். பலர் தண்டவாளத்தில் பென்னி நாணயங்களை வைத்து, வண்டி நசுக்கிய தகட்டை நினைவுப்பொருளாக எடுத்துச்சென்றனர். அந்நாளின் படங்களில் வண்டியைக் காட்டிலும் கூட்டமே மிகுதி. அதே தெருக்களை இன்று படமெடுப்போர், மேல்கம்பிகளைத் தாங்குவதற்காகச் சுவர்களில் பதித்த இரும்புப் பூ வடிவப் பிடிகளைத் தேடுகின்றனர். சில கட்டடங்களில் அவை இன்னும் இருக்கின்றன.

ஊர்வலம் சென்று முடிந்த காப்லாஹில் பணிமனை, வண்டிகள் கட்டப்பட்டும் பழுதுபார்க்கப்பட்டும் வந்த இடம். 1964இல் அது போக்குவரத்து அருங்காட்சியகமாயிற்று. அருங்காட்சியகம் இடம்பெயர்ந்தபின், 1988இல் பீட்டர் புரூக்கின் ‘மகாபாரதம்’ அங்கே அரங்கேறியது. குருட்சேத்திரப் போர் ஒரு டிராம் கொட்டகையில் நிகழ்ந்தது. தெற்காசியர் செறிந்து வாழும் பொல்லாக்ஷீல்ட்ஸ் பகுதியில் இன்று ‘டிராம்வே’ என்ற பெயரிலேயே அது கலையரங்கமாக இயங்குகிறது. தரையில் தண்டவாளங்கள் அப்படியே உள்ளன.