சோற்றில் உடைந்த சாதி, பாட்டில் தங்கிய சாதி: மதுரை சொல்லித்தந்த பாடம்

2025ஆம் ஆண்டு அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது நம் சேரிகளில் இனிப்பு கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான். சாவு வீட்டு வாசலில் ஒதுங்கி நின்று அடிக்க வைக்கப்பட்ட பறை, குடியரசுத் தலைவர் கையால் மரியாதை பெறுகிற இடத்துக்கு வந்திருக்கிறது. இன்று சென்னையிலும் கோவையிலும் பறைப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களில் பொறியாளர்கள் பறை கட்டி ஆடுகிறார்கள். கல்லூரி விழா என்றால் பறை இல்லாமல் முடிவதில்லை.

இந்த மகிழ்ச்சிக்கு நடுவில் நாம் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டியிருக்கிறது. பறையைச் சொல்லிக்கொடுக்கப் போகிறவருக்கு என்ன சொல்லிக்கொடுத்து அனுப்புகிறோம்? அடி சொல்லிக்கொடுக்கிறோம், ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தத் தோலில் ஒட்டியிருக்கும் சாதியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறோமா? “தமிழரின் ஆதி இசை” என்று ஒரே வரியில் முடித்துவிடும் வகுப்புகள்தான் பெருகிக்கொண்டு வருகின்றன. யார் அடித்தார்கள், யார் அடிக்க வைத்தார்கள், யார் அடிக்க மறுத்து உதை வாங்கினார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் காணாமல் போகிறது.

இசை கற்பிப்பவர்களுக்குச் சமத்துவத்தைக் கற்பிப்பது ஏதோ வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் கொண்டுவந்த புதுச் சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த வேலை மதுரையிலேயே நடந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள இருநூறு ஆண்டு பின்னே போக வேண்டும்.

கோயிலுக்குள் வந்த கீர்த்தனை

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) தமிழ்க் கிறித்தவர்களின் பெருங்கவி. இன்றும் திருச்சபைகளில் பாடப்படும் கீர்த்தனைகள் பலவற்றை எழுதியவர். வேளாளர். 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள், கோயிலில் எல்லாச் சாதியாரும் சேர்ந்து உட்கார வேண்டும், ஒன்றாக நற்கருணை வாங்க வேண்டும் என்றார்கள். சாஸ்திரியாரும் அவரைச் சேர்ந்தவர்களும் எதிர்த்தார்கள். மிஷனரிகள் தங்களுக்குச் செய்த கொடுமைகள் என்று 1829ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் அடுக்கியவற்றில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, சாதிகளைக் கலந்து உட்கார வைத்தது. மற்றொன்று, தமிழ்க் கீர்த்தனைகளைக் கோயிலில் பாடவிடாமல் தடுத்தது. இருக்கையும் இசையும் ஒரே முறையீட்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. தங்கள் இசை எந்த இடத்தோடு பிணைந்தது என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இப்போது மதுரைக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்க மிஷன் 1834இல் மதுரையில் தன் வேலையைத் தொடங்கியது. உபதேசிமாரைப் பயிற்றுவிக்கும் செமினரி 1840களில் திருமங்கலத்திலிருந்து பசுமலைக்கு வந்தது. சாதி விஷயத்தில் இந்த மிஷன் கறாராக இருந்தது. 1847இல் ஒரு சோதனை வைத்தது: மிஷன் ஊழியர்கள் எல்லாரும் கீழ்ச்சாதி என்று சொல்லப்பட்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட மறுத்த பலர் வேலையை இழந்தார்கள். நாட்டை ஆண்டவர்களே சாதியைத் தொட அஞ்சிய காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

அதற்கு ஆறு ஆண்டு கழித்து, 1853இல், அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்க் கிறித்தவப் பாடல்களைத் திரட்டிப் புத்தகமாக வெளியிட்டார். அதில் முக்கியமான இடம் பெற்றவை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள். பல்லவி, அனுபல்லவி, சரணம், இராகம், தாளம் என்று அமைந்த செந்தமிழ்ப் பாட்டு. அன்னிய மெட்டுகளை விட்டுத் தமிழ் இசைக்கு வந்ததால் வெப்பைப் பலரும் பாராட்டினார்கள். ஆனால் தமிழ் இசை என்றால் எந்தத் தமிழருடைய இசை? மதுரைச் சமவெளியில் அந்த மிஷனை நம்பி வந்தவர்களில் பலர் பள்ளர், பறையர், சக்கிலியர் என்று அழைக்கப்பட்ட கூலி உழைப்பாளிகள். அவர்களிடம் நடவுப் பாட்டு இருந்தது, தாலாட்டு இருந்தது, ஒப்பாரி இருந்தது, கும்மி இருந்தது, பறை இருந்தது. அது எதுவும் ஆராதனைக்கு ஏற்றது என்று கருதப்படவில்லை.

சோற்றுப் பந்தியில் சாதியை உடைத்த அதே கைகள், பாட்டுப் புத்தகத்தில் அதை அட்டை போட்டு வைத்தன. இதை வேண்டுமென்றே செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. இசையில் சாதி இருக்கிறது என்பதே அவர்கள் கண்ணில் படவில்லை. பசுமலையில் படித்து ஊர் ஊராகப் போன உபதேசி, பாட்டு வாத்தியாரும்தான். அவர் சேரிக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தது ஜெபம் மட்டும் இல்லை. “உன் பாட்டு பாட்டே இல்லை, இதுதான் பாட்டு” என்ற தீர்ப்பையும் கூடவே கற்றுக்கொடுத்தார். அந்தத் தீர்ப்பு நூறாண்டுக்கு மேல் நின்றது.

அரசரடியில் ஒரு பரட்டை

1969இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி அமைந்தது. பல சபைகளின் வருங்காலப் போதகர்கள் படிக்கும் இடம். வகுப்பறையோடு நிற்காமல், மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே நகரத்தின் குடிசைப் பகுதிகளில் தங்கி மக்களிடம் படிக்க வேண்டும் என்ற வழக்கத்தையும் அது உண்டாக்கியது. அங்கே ஆசிரியராக வந்தவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940-2005). தனக்குத் தானே ‘பரட்டை’ என்று பெயர் வைத்துக்கொண்டார். எண்ணெய் காணாத, சீப்புப் படாத தலை. சேரிப் பிள்ளையைக் கேலி செய்யச் சொல்லும் சொல்லைக் கையெழுத்தாக மாற்றிக்கொண்டார். மாணவர்களுக்கு அவர் பரட்டை அண்ணன்.

அப்பாவு மேற்கத்திய இசையும் கர்நாடக இசையும் அறிந்தவர். அவற்றைப் பாடத் தெரியாததால் நாட்டுப்புற இசைக்குப் போனவர் இல்லை. போதகராகப் போகிறவர் எந்த இசையைக் கையில் எடுக்கிறாரோ, அதைப் பாடும் சாதிக்கு மரியாதை தருகிறார். எந்த இசையை ஒதுக்குகிறாரோ, அந்த மக்களைச் சிறுமைப்படுத்துகிறார். இதுதான் அவருடைய வாதத்தின் அடிப்படை. எனவே சமத்துவம் என்று தனியாக ஒரு பாடம் வைத்துப் பிரசங்கம் செய்வதைவிட, பாட்டு வகுப்பையே சமத்துவ வகுப்பாக மாற்றினார்.

எப்படி மாற்றினார் என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது.

முதலில் மொழி. கிராமிய இசையில் அவர் அமைத்த வழிபாடு பேச்சுத்தமிழில் இருந்தது. கடவுளைப் ‘பெத்தவரே’ என்று அழைத்தார். பெற்றவர் தாயாகவும் இருக்கலாம், தகப்பனாகவும் இருக்கலாம். சாதிக்கு எதிராகப் பாடும்போது ஆணாதிக்கத்தை விட்டுவைக்கக் கூடாது என்பது அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. படித்த, நடுத்தர வர்க்க மாணவர் கோயில் மேடையில் நின்று சேரித் தமிழில் பாட வேண்டும் என்றால், முதலில் அவருக்கு நாக்குக் கூசும். அந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வைப்பதுதான் பாடம்.

இரண்டாவது, பாட்டு யாருடையது என்பது. கீர்த்தனை அச்சில் உறைந்தது. இராகம் பிசகினால் தப்பு. வித்துவான் சொன்னால்தான் சரி. கிராமத்துப் பாட்டு அப்படி இல்லை. நடவு நடும் பெண் தன் ஊர்க் கதையைச் சேர்த்துப் பாடுவாள், பிடிக்காத வரியை விடுவாள். அப்பாவு இதையே பலமாகப் பார்த்தார். தான் எழுதிய பாட்டை மக்கள் மாற்றிப் பாடினால் அது கெட்டுப்போனதாக அவர் நினைக்கவில்லை. பாட்டு உயிரோடு இருப்பதற்கு அதுவே அடையாளம் என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பாட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிறார். ஆசிரியரின் அதிகாரம் அங்கே குறைகிறது.

மூன்றாவது, ஒரே உலை. எல்லா வீட்டு அரிசியும் ஒரு பானையில் வெந்து, எல்லாரும் சேர்ந்து உண்பதை அவர் தன் இறையியலின் மையத்தில் வைத்தார். 1847இன் பந்தியை இங்கே நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அது மேலிருந்து வைத்த சோதனை. இது கீழிருந்து வந்த விருந்து. அதில் சோற்றோடு பாட்டும் வெந்தது.

உலகத்தில் வேறு முயற்சிகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். வெனிசுலாவில் 1975இல் தொடங்கிய ‘எல் சிஸ்தேமா’ ஏழைக் குழந்தைகள் கையில் வயலினைக் கொடுத்து, ஐரோப்பிய இசைக்குழுவில் உட்கார வைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் அங்கே மேல் எது கீழ் எது என்ற வரிசை மாறவில்லை. கீழே இருந்தவர்களுக்கு மேலே ஏற ஏணி கிடைத்தது. அரசரடியில் நடந்தது அந்த வரிசையையே கேள்வி கேட்ட வேலை.

அடிக்க மாட்டோம் என்றதும் அடிப்போம் என்றதும்

பறையைப் பற்றிப் பேசும்போது ஒரு முடிச்சை அவிழ்க்காமல் போக முடியாது. பறையை எடுத்ததைப் போலவே பறையை விட்டதும் நம் விடுதலை வரலாறுதான். ஆதிக்க சாதி வீட்டுச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக நம் பாட்டன்மார் பட்ட அடி கொஞ்சமா? தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் பறையடிக்கும் இழிதொழிலுக்கு எதிராக மக்களைத் திரட்டினார். பறையைக் கீழே போடுவதுதான் சுயமரியாதை என்று ஒரு தலைமுறை நம்பியது. அந்த நம்பிக்கையில் நியாயம் இருந்தது.

1990களில் இன்னொரு குரல் எழுந்தது. அம்பேத்கர் நூற்றாண்டு நம் இளைஞர்களை உசுப்பியிருந்த நேரம். மதுரை விடுதலைச் சிறுத்தைகளின் களமாக மாறிக்கொண்டிருந்தது. இளையான்குடிப் பக்கம் மாரந்தையிலிருந்து வந்து மதுரையில் படித்த கே.ஏ. குணசேகரன் (1955-2016) மேடை மேடையாக நாட்டுப்புறப் பாடலை அரசியல் குரலாக்கியிருந்தார். அரசரடிக் கல்லூரியின் தலித் ஆதார மையம் தலித் கலை விழாக்களை நடத்தியது. கூலிக்கு அடித்த கருவி கொண்டாட்டத்துக்கும் போராட்டத்துக்கும் அடிக்கும் கருவியாக அந்த மேடைகளில் மாறியது. அதே மதுரைச் சமவெளியில்தான் 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. கலை விழா நடந்த மண்ணில் சாதி அரிவாளோடு நின்றது. பறையை எடுத்தவர்கள் பொழுதுபோக்குக்காக எடுக்கவில்லை.

யார் சொல்லி, யாருக்காக, எந்த இடத்தில் நின்று அடிக்கிறோம் என்பதை அடிப்பவரே தீர்மானிப்பது. மறுத்த தலைமுறையும் எடுத்த தலைமுறையும் கேட்டது இது ஒன்றைத்தான். இந்த முடிச்சைப் புரியாதவர் பறை வாத்தியாராக நிற்கத் தகுதியில்லாதவர் என்பது நம் கருத்து.

திண்டுக்கல்லும் அலங்காநல்லூரும்

மதுரையிலிருந்து வடக்கே திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு, அருட்சகோதரி சந்திராவின் முயற்சியில் தலித் இளம்பெண்களுக்குப் பறை கற்றுக்கொடுத்தது. பறை ஆண்கள் தொட்ட கருவி. பெண் தொட்டாலே பேச்சு வரும். அந்தப் பேச்சைத் தாண்டி மேடையில் காலை வீசி ஆடிய பெண், ஊருக்குத் திரும்பும்போது பழைய ஆளாகத் திரும்புவதில்லை. அங்கே பறையோடு சாதியும் பாலினமும் சேர்த்தே பேசப்பட்டன. பயிற்சி பெற்றவரே அடுத்தவருக்குப் பயிற்சி தருபவரானார்.

அலங்காநல்லூரில் வேலு ஆசான் செய்தது வேறொரு வகை. மூத்த கலைஞர்களின் கையில் மட்டும் இருந்த அடிகளைத் தேடிக் கற்று, பல ஊர் மாணவர்களிடம் சேர்த்தார். ‘ஆசான்’ என்ற பட்டம் இங்கே முக்கியம். தோல் பதமாகத் தீயில் காய்ச்சுவது, இடது கையில் நீண்ட மெல்லிய குச்சி, வலது கையில் குட்டையான தடித்த குச்சி, எந்தச் சடங்குக்கு எந்த அடி என்று அத்தனையும் அறிந்த மனிதரை ஊர் ‘டேய்’ என்று கூப்பிட்டது. அந்த வித்தைக்கு வித்தை என்று பெயர் வாங்கிக் கொடுத்ததே ஒரு போராட்டம்.

சபா மேடைகளின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். மிருதங்கத்துக்குத் தோல் பதம் செய்து கட்டிக்கொடுத்த தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார். அதை வெளியிட இடம் தந்திருந்த கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. மாட்டுத் தோல் மேடையில் ஒலிக்கலாம், அதை உரித்தவர் கதை மேடையில் ஒலிக்கக் கூடாது.

இனி என்ன கேட்க வேண்டும்

பள்ளிகளும் கல்லூரிகளும் தமிழ்ச் சங்கங்களும் பறை வகுப்பு நடத்தட்டும். எந்தச் சாதியில் பிறந்தவரும் கற்கட்டும். அதை நாம் தடுக்கவில்லை. ஆனால் பயிற்றுநர்களை உருவாக்குகிறவர்களிடம் சிலவற்றைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

பறையின் சாதி வரலாற்றை முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள். அடிக்க மறுத்தவர்களின் வரலாற்றையும் சொல்லுங்கள். பரம்பரைக் கலைஞரை விழாவுக்கு ஒரு நாள் அழைத்துத் துண்டு போர்த்தி அனுப்பாமல், ஆசிரியராக நியமித்து ஆசிரியர் சம்பளம் கொடுங்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஆசானிடம் பட்டச் சான்றிதழ் கேட்டு அவர் மாணவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். பெண்களுக்குக் கடைசி வரிசை கொடுக்காதீர்கள். வகுப்பில் ஒன்றாக ஆடியவர்கள் ஒன்றாகச் சாப்பிடட்டும். மேடையில் பறை கட்டியவர் தன் ஊரில் இரட்டைக் குவளையைப் பார்த்தால், கல்லறையைச் சுவர் வைத்துப் பிரித்திருப்பதைப் பார்த்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள்.

திருச்சபைகளிடமும் நமக்குக் கேட்க இருக்கிறது. பரட்டை அண்ணன் மறைந்து இருபது ஆண்டு கடந்துவிட்டது. அவருடைய பாட்டுகளைத் தலித் ஞாயிறு அன்று மட்டும் பாடிவிட்டு மற்ற ஞாயிறுகளில் பெட்டியில் பூட்டி வைக்கும் சபைகள் எத்தனை? அவர் பயிற்றுவித்த போதகர்களில் பலர் இன்று ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்கள். அந்த வகுப்பறையில் என்ன நடந்தது என்பதை அவர்கள் வாயாலேயே பதிவு செய்யும் வேலையை நாம் இந்த ஆண்டே தொடங்க வேண்டும். தோழர்களே, உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள். பாட்டையும் கேளுங்கள், அந்தப் பாட்டை முதன்முதலில் பாடியபோது சபையில் யார் எழுந்து வெளியே போனார்கள் என்பதையும் கேளுங்கள்.