வாசற்கோலத்தின் இலக்கணம்

இலக்கணம் என்றவுடன் நம் அன்பர்களுக்குத் தொல்காப்பியமும் நன்னூலும் நினைவுக்கு வரும். எழுத்து சொல்லாகி, சொல் தொடராகும் விதிகளைப் பல்லாண்டுகளாகக் கற்பித்து வரும் எனக்கு, கோட்டுக்கும் இலக்கணம் உண்டெனக் காட்டியவர்கள் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஆய்வாளர்கள்.

கிஃப்ட் சிரோமணியைத் தமிழாய்வாளர் மாமல்லபுர ஆய்வுகளாலும் கல்வெட்டெழுத்து ஆய்வுகளாலும் அறிவர். புள்ளியியல் பேராசிரியரான அவர், ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோருடன் இணைந்து 1974இல் கோலம் பற்றிய ஆய்வுக் கட்டுரையொன்றை வெளியிட்டார். நோம் சாம்ஸ்கி 1950களில் மொழிக்கு வகுத்த விதிமுறை இலக்கணத்தின் வழிவந்த கருத்துகள் அதில் புள்ளிவரிசைக்கு வந்தன. கோலமிடும் பெண்களிடமே அவர் கேட்டறிந்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதற்கிடையே, 1968இல் அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்னும் உயிரியலார், செடிகொடிகளின் வளர்ச்சியை எழுத்துத் தொடராக விவரிக்கும் முறையொன்றை வகுத்திருந்தார். சிறுவர்க்கெனப் பிறந்த லோகோ கணினி மொழியிலோ, ஆணைக்கேற்ப நடந்தும் திரும்பியும் கோடிழுக்கும் 'ஆமை' உருவாகியிருந்தது. கனடாவில் பணியாற்றிய பிரசிமிஸ்லாவ் புருசின்கியவிச் 1986இல் இவ்விரண்டையும் இணைத்துப் படம் வரைந்தபோது, அவருக்குக் கோலமும் எடுத்துக்காட்டாயிற்று.

கண்ணனின் சிலம்பு என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் வழங்கும் கோலத்தின் விதியை இங்கே தமிழெழுத்தில் தருகிறேன். 'ந' என்றால் ஓரடி நட. 'தி' என்றால் வலப்புறம் செங்கோணமாகத் திரும்பு. 'க' கோடிழுக்காத கரு. தொடக்கம்: க தி க. விதி ஒன்றே: ஒவ்வொரு 'க'வையும் 'க ந க தி க ந க' என மாற்றுக.

ஒருமுறை மாற்றினால் நான்கடியில் ஒரு சதுரம். மறுமுறை மாற்றினால் இருபதடி. நான்கு மூலையிலும் நான்கு கண்ணிகள், நடுவே ஒரு கட்டம், கோடு புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர்கிறது. மூலைகளை வளைத்துவிட்டால் நம் வாசலில் காண்பதுதான். கணினிக்கு இது சில வரி நிரல்.

நம் முன்னோர் அன்றே கணினி அறிந்தனர் என்று இதைக்கொண்டு பெருமை பேசுவாரும் உளர். வேண்டாத பேச்சு அது. ஆயினும், ஒரு பெண் கையெடுக்காமல் சிக்குக்கோலம் இடுகையில் முழுப்படத்தையும் மனத்தில் சுமப்பதில்லை; அடுத்த வளைவின் விதியையே சுமக்கிறாள். அதனால்தான் புள்ளி பெருகினாலும் அவள் தடுமாறுவதில்லை. என் பாட்டியிடம் நான் கண்டது இதுவே. அதைக் கைவேலை என்றோமேயன்றிக் கல்வி என்றோமில்லை. முற்பகலுக்குள் மிதிபட்டு அழியும் கோலத்தில் எஞ்சுவது அவ்விதி ஒன்றே. தாய் மகளுக்குச் சொல்லாவிடில் அதுவும் எஞ்சாது.

கட்டமிட்ட தாளில் பென்சிலால் நானே இருபதடியும் நடந்து பார்த்தேன். மூன்றாம் மாற்றத்துக்கு எண்பத்து நான்கடி; தாள் போதவில்லை. மறுநாள் விடியலில் வாசலைப் பெருக்கி, கோலமாவை எடுத்துக்கொண்டேன்.