டிக்கி கதவு திடீர்னு தலையில் விழுமா? பழைய ஸ்டேஷன் வேகனில் ஷாக் பிடிமானம் விரிசல் விட்டால் என்ன செய்யணும்?

முந்திரி மூட்டையோ பலாப்பழமோ ஏற்ற டிக்கி கதவைத் தூக்கி நிறுத்திவிட்டு, தலையை உள்ளே நுழைக்கிறோம். அந்த நேரம் பார்த்து கதவு பொத்தென்று இறங்கினால்? விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையே உள்ள மங்கலம்பேட்டை போன்ற ஊர்களில் பழைய ஸ்டேஷன் வேகன் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து இது. பலரும் ஷாக் போய்விட்டது என்று நினைத்து புதுசு வாங்கி மாட்டுவார்கள். ஆனால் சில வண்டிகளில் கோளாறு ஷாக்கில் இல்லை. அதைப் பிடித்திருக்கும் தகட்டில் இருக்கும்.

பிடிமானம் என்றால் எது?

டிக்கி கதவின் இரண்டு பக்கமும் கேஸ் ஷாக் இருக்கும். அதன் ஒரு முனை கதவிலும், மறுமுனை பாடியிலும் குண்டு வடிவ போல்ட்டில் மாட்டப்பட்டிருக்கும். அந்த போல்ட் உட்கார்ந்திருக்கும் பிராக்கெட் அல்லது தகடுதான் பிடிமானம்.

ஏன் விரிசல் விடுகிறது?

ஷாக் குழாயில் 400N என்று அச்சிட்டிருந்தால், அது சுமார் 41 கிலோ எடைக்குச் சமமான விசை. குழாய்க்குள் அழுத்தி அடைக்கப்பட்ட நைட்ரஜன் வாயு இருப்பதால் இந்த விசை ஓய்வதே இல்லை. கதவு மூடியிருக்கும்போது கம்பி உள்ளே போய் வாயு இன்னும் சுருங்குவதால் விசை கூடத்தான் செய்யும். அதாவது, வண்டி சும்மா நிற்கும்போதும் பிடிமானம் சுமை தாங்கிக்கொண்டே இருக்கிறது.

வெயிலும் சேர்ந்துகொள்ளும். 20 டிகிரியில் இருக்கும் விசை, 40 டிகிரியில் சுமார் 7 சதவீதம் அதிகமாகும். இதோடு கதவை ஓங்கி அறைவது, மழைத் தண்ணீர் தேங்கித் துருப்பிடிப்பது, அளவு பார்க்காமல் அதிக விசையுள்ள ஷாக் மாட்டுவது எல்லாம் சேரும்போது தகடு சோர்ந்துபோகும். ஒரு பக்க ஷாக் மட்டும் செத்துப்போனால் கதவு முறுக்கிக்கொள்ளும். நல்ல ஷாக் இருக்கும் பக்கத்துப் பிடிமானம்தான் முதலில் விரியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* கதவைத் திறக்கும்போது 'டக்' என்ற சத்தம்
* போல்ட்டைச் சுற்றி பெயின்ட்டில் முடி போன்ற கோடு, பழுப்பு நிறத் துரு வழிசல்
* குண்டு போல்ட் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது
* மூடிய கதவின் இரு பக்க இடைவெளி சமமாக இல்லாதது

பட்டறையில் என்ன செய்யணும்?

1. முதலில் கதவைக் கட்டையால் முட்டுக்கொடுத்து, கூட ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு ஷாக்கையும் கழற்ற வேண்டும்.
2. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். உள் பிளாஸ்டிக், ஒயர்களை ஒதுக்கி, கண்ணாடியை ஈரத் துணியால் மூட வேண்டும். பெட்ரோல் குழாய் எங்கே போகிறது என்று பார்க்காமல் வெல்டிங் கூடாது.
3. பெயின்ட், துருவைச் சுரண்டினால்தான் விரிசல் எதுவரை போயிருக்கிறது என்று தெரியும். அதன் நுனியில் சுமார் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் விரிசல் மேலே ஓடாது.
4. விரிசலை மிக் வெல்டிங் வைத்து மூடி, சுமை பரவும்படி அதைவிட அகலமான தகட்டைப் பின்னால் சேர்க்க வேண்டும். வெறும் விரிசலை மட்டும் மூடினால் பக்கத்திலேயே மறுபடி விரியும்.
5. துரு தடுப்பு பிரைமர், பெயின்ட் அடித்த பிறகே ஷாக்கை மாட்ட வேண்டும்.

எபாக்ஸி பசை, பட்டி வைத்துப் பூசுவது கண்ணுக்கு நன்றாக இருக்கும், சுமை தாங்காது. தகடு துருவில் பொடிந்திருந்தால் அந்த இடத்தையே வெட்டி மாற்ற வேண்டும்.

இதை மட்டும் செய்யாதீங்க

கேஸ் ஷாக்கை வெட்டுவது, துளைப்பது, சூடாக்குவது கூடாது. உள்ளே உயர் அழுத்த வாயு இருப்பதால் வெடித்துச் சிதறலாம். ஷாக் மாட்டியிருக்கும்போதே பிடிமானத்தில் வெல்டிங் வைப்பதும் இதே ஆபத்துதான்.

புது ஷாக் வாங்கும்போது

நீளம், கம்பி நகரும் தூரம், N எண் மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். ஜோடியாகவே மாற்றணும். கதவு மூடியிருக்கும்போது மெல்லிய கம்பி கீழ்ப்பக்கம் வருமாறு மாட்டினால், உள்ளே இருக்கும் எண்ணெய் சீலை நனைத்துக்கொண்டே இருக்கும். ஷாக் நாள்பட உழைக்கும்.

பாகம் கிடைக்குமா?

1992-ல் வந்த டாடா எஸ்டேட், 2004-ல் வந்த இண்டிகோ மரினா, மாருதி பலேனோ ஆல்டுரா என இந்தியாவில் வந்த ஸ்டேஷன் வேகன்கள் பல எப்போதோ நின்றுவிட்டன. அதனால் புது பிராக்கெட் கிடைப்பது சிரமம். பழைய உதிரிபாகங்களுக்குப் பெயர்போன சென்னை புதுப்பேட்டையில் தேடிப் பார்க்கலாம். இல்லையென்றால் லேத் பட்டறையில் பழையதை மாதிரியாகக் கொடுத்துச் செய்துகொள்ளலாம்.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி, 5 ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். பாடியில் உள்ள துருவையும் விரிசலையும் அதற்கு முன்பே சரிசெய்வது நல்லது.

அதுவரை? கதவுக்கு ஒரு கட்டை முட்டுக்கொடுக்காமல் யாரும், முக்கியமா குழந்தைகள், கீழே நிற்க வேண்டாம்.