ஓட்டின் மேல் ஒரு கோடு

தக்காணத்தில் நெருப்புக்கோழி திரிந்த காலம் ஒன்று இருந்தது. மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில், அஜந்தா மலைத்தொடரை ஒட்டி, பட்னே என்றொரு சிற்றூர். ஏறத்தாழ 25,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த யாரோ ஒருவர், நெருப்புக்கோழி முட்டையின் ஓட்டை எடுத்து, கூரான கல்லால் அதன்மேல் கோடு கீறினார். இரண்டு இணைகோடுகள், அவற்றுக்கு நடுவே குறுக்கும் மறுக்குமாகச் சிறு கீறல்கள். பக்கத்திலேயே அதேபோல இன்னொரு பட்டை. கை நடுங்கியோ போகிற போக்கிலோ விழுந்த கீறல் இல்லை அது. எல்லை போட்டுக்கொண்டு, அந்த எல்லைக்குள் நிரப்பியிருக்கிறார்.

கோழி முட்டை ஓட்டை நினைத்துக்கொண்டு இதைப் படிக்கக் கூடாது. நெருப்புக்கோழி முட்டை ஒன்றே கால் கிலோவில் தொடங்கி ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் தேறும். இரண்டு டஜன் கோழி முட்டைக்குச் சமம். ஓடு 2 மில்லிமீட்டர் கனம். சுண்டினால் பீங்கான்போல ஓசை வரும். ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும் என்பதால் ஆப்பிரிக்காவின் சான் மக்கள் அண்மைக்காலம்வரை அதைத் தண்ணீர்க் குடுவையாக வைத்திருந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் டீப்க்ளூஃப் குகையில் கோடு கீறிய ஓட்டுத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. வயது சுமார் 60,000 ஆண்டுகள். அங்கும் இதேதான்: இணைகோடுகள், நடுவே குறுக்குக் கீறல்கள். பட்னேக்காரருக்கு அந்தக் குகையைப் பற்றித் தெரிந்திருக்க வழியே இல்லை. ஆனாலும் வழுவழுப்பான ஒரு வளைவு கையில் கிடைத்தால், மனிதக் கை முதலில் செய்யத் துணிகிற காரியம் இதுதான் போலும்.

ஓடு உடைந்து மண்ணுக்குள் போனது. 1972-73இல் தொல்லியலாளர் எஸ்.ஏ. சாலி பட்னேயில் அகழ்ந்தபோது வெளியே வந்தது. கூடவே சிறு கல் கத்திகள், அதே ஓட்டில் செய்த மணிகள். மணி செய்வது பொறுமைக்கான வேலை. ஓட்டைச் சிறு சில்லுகளாக உடைத்து, நடுவே துளையிட்டு, ஓரங்களைக் கல்லில் தேய்த்து வட்டமாக்க வேண்டும். துளையிடும்போது பல உடைந்து போகும். மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்காவில், புதைக்கப்பட்ட ஒருவரின் கழுத்தருகே இப்படிப்பட்ட மணிகள் கிடைத்தன. இந்தியாவில் நாம் அறிந்த மிகப் பழைய நகைகளில் அவற்றுக்கு இடமுண்டு.

பட்னேத் துண்டு ஊரறிந்த பிறகு எல்லோர் கண்ணுக்கும் கோடு தெரியத் தொடங்கியது. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் என்று ஆற்றோர மண்திட்டுகளில் பல காலமாகப் பொறுக்கி வைத்திருந்த ஓடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். பலவற்றில் கோடுகள். வளைந்தவை, கிளைத்தவை, வலைபோலப் பின்னியவை. 1980களின் இறுதியில் இவற்றைக் கற்கால ஓவியர்களின் கைவேலை என்று ஆய்விதழில் வெளியிடவும் செய்தார்கள். ஆசை யாரை விட்டது!

பாறை ஓவிய ஆய்வாளர் ராபர்ட் பெட்னாரிக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து அந்த ஓடுகளை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். பட்னேத் துண்டு தேறியது. மற்ற பெரும்பாலானவற்றில் கோடு போட்டது மனிதக் கை இல்லை, வேர்! மண்ணுக்குள் ஓட்டைத் தழுவிக்கொண்டு போன சல்லி வேர்கள் தம் பாதையை அரித்து எழுதியிருந்தன. கல்முனை கீறிய பள்ளத்தில் முனை இழுபட்ட திசைக்கு நுண்ணிய தடங்கள் ஓடும். ஒரு கோட்டை இன்னொரு கோடு வெட்டுமிடத்தில் எது முந்தியது எது பிந்தியது என்று சொல்லிவிடலாம். வேர் அரித்த பள்ளத்தின் அடி உருண்டு மழுங்கியிருக்கும். அது வெட்டாது, நெளியும், கிளை பிரியும். ஆய்வாளர்கள் ஏமாந்ததில் வெட்கப்பட ஏதுமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. சில வேர்த்தடங்கள் பட்னேக்காரரின் கோட்டைவிட அழகானவை.

வேருக்கு இந்த வல்லமை எப்படி வந்தது? முட்டை ஓட்டில் நூற்றுக்கு 95 பங்கு கால்சியம் கார்பனேட். விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பந்தல்குடியில் வெட்டியெடுத்து, ஆர்.ஆர். நகர் சிமெண்ட் ஆலைக்கு லாரியில் போகும் சுண்ணாம்புக்கல்லும் அதே பொருள்தான். ராஜபாளையத்து பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய கம்பெனி 1960களின் தொடக்கத்திலிருந்து சுட்டுக்கொண்டிருப்பதும், நம் அடுப்பங்கரையில் ஆம்லெட்டுக்கு உடைத்துப் போடுவதும் வேதியியலில் ஒன்று. சுண்ணாம்புக்கு அமிலம் ஆகாது. வேர் மூச்சுவிடும் கரியமில வாயு மண்ணின் ஈரத்தில் கலந்து மெல்லிய அமிலமாகிறது. வேர்முனை தானும் கொஞ்சம் அமிலம் கசிகிறது. ஆண்டுக்கணக்கில் அது ஓட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். பள்ளிக்கூடத்தில் முட்டையை வினிகரில் போட்டு வைத்து, குமிழி குமிழியாக நுரைத்து, மறுநாள் ஓடே இல்லாமல் தோல் முட்டையாக எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கதை.

வேர் அறியாமல் செய்ததை மனிதர்கள் அறிந்தே செய்தார்கள். ஜெர்மனியின் கிழக்குக் கோடியில் லௌசிட்ஸ் என்ற பகுதியில் சோர்பியர் எனும் சிறுபான்மை ஸ்லாவிய மக்கள் இருக்கிறார்கள். ஈஸ்டருக்கு அவர்கள் முட்டை அலங்கரிக்கும் வழிகளில் ஒன்று அமிலம். முட்டைக்கு முதலில் அடர்த்தியாகச் சாயம் ஏற்றுவார்கள். பிறகு எஃகுப் பேனா முனையை அமிலத்தில் தொட்டு, சாயத்தின்மேல் எழுதுவார்கள். தொட்ட இடத்தில் ஓட்டின் மேற்பரப்பு சாயத்தோடு சேர்ந்து கரைந்துவிட, வெள்ளைக் கோடு எழும். கரைந்த நுரையை உடனே ஒற்றி எடுக்காவிட்டால் கோடு தடித்துப் போகும். இதே மக்கள் கத்தி முனையால் சாயத்தைச் சுரண்டியும் எழுதுகிறார்கள். உக்ரைனில் சிலர் கடையில் அமிலம் தேடவில்லை. ஊறவைத்த முட்டைக்கோஸின் புளித்த தண்ணீரிலேயே முட்டையைப் போட்டு அரிக்கவிட்டார்கள்.

ஆனால் அலங்கார முட்டை என்றதும் உலகம் நினைப்பது உக்ரைனின் பிசாங்காவைத்தான். அங்கே அரசி மெழுகு. சிறு குச்சியின் நுனியில் செம்புத் தகட்டைக் கூம்பாகச் சுருட்டிக் கட்டிய கருவிக்குக் கிஸ்த்கா என்று பெயர். அதில் தேன்மெழுகை அள்ளி, மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி உருக்கி, வேகாத முட்டையின்மேல் கோடு இழுக்கிறார்கள். முதல் கோடுகள் எங்கெல்லாம் விழுகின்றனவோ அங்கெல்லாம் கடைசிவரை வெள்ளை. பிறகு மஞ்சள் சாயத்தில் முக்கல். மஞ்சளாகவே நிற்க வேண்டியதை மெழுகால் மூடல். அடுத்து ஆரஞ்சு, சிவப்பு, கடைசியில் கறுப்பு. இந்த நிலையில் முட்டையைப் பார்த்தால் கரியும் பிசுக்குமாக ஒன்றும் புரியாது. சுடரின் பக்கவாட்டில் காட்டி, இளகும் மெழுகைத் துணியால் துடைக்கத் துடைக்க, புதைத்து வைத்த நிறங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. பாத்திக் துணிக்குச் சாயம் போடுகிறவர்களுக்குக் கைவந்த கணக்கு இது: எது வேண்டுமோ அதை மூடு. எழுதும்போது எழுதுகிறவருக்கே படம் தெரியாது. இந்தக் கலையில் எனக்குப் பிடித்ததும் அதுதான்.

1890களில் தொடங்கிக் கனடாவின் சமவெளிகளுக்குக் குடியேறிய உக்ரைனிய உழவர்களோடு பிசாங்கா கடல் கடந்தது. சொந்த நாட்டில் சோவியத் ஆட்சி மதச் சடங்கென்று அதை ஒடுக்கிய காலத்தில், புலம்பெயர்ந்த வீடுகளின் அடுக்களைகள்தாம் அதை அடைகாத்தன. கனடாவின் வெக்ரவில் ஊர்க்காரர்கள் 1975இல் ஒரு படி மேலே போய், 31 அடி உயரத்தில் அலுமினியப் பிசாங்கா ஒன்றை நிறுத்தினார்கள். காற்றுக்குத் திரும்பும் முட்டை. அந்த வளைவைத் தட்டைத் தகடுகளால் எப்படி மூடுவது என்ற கணக்கைக் கணினிப் பேராசிரியர் ரொனால்டு ரெஷ் போட்டுக் கொடுத்தார். 2000இல் உக்ரைனின் கொலமியா நகரில் பிசாங்கா அருங்காட்சியகம், அதுவும் முட்டை வடிவில், எழுந்தது. போர் நடந்துகொண்டிருந்த 2024 டிசம்பரில் யுனெஸ்கோ, உக்ரைனும் எஸ்டோனியாவும் சேர்ந்து அளித்த விண்ணப்பத்தை ஏற்று, பிசாங்காவை மானுடத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நம் பக்கத்தில் முட்டை ஓட்டுக்கு என்ன மரியாதை? ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வைத்தியநாதசுவாமி கோயிலைச் சுற்றி நடந்து ஊருக்குள் போனால், வாசலில் தொட்டிச் செடி வைத்திருக்கும் வீடுகளில் சில சமயம் பார்க்கலாம். கள்ளிச் செடியின் முனைகளிலும் குரோட்டன்ஸ் நுனிகளிலும் காலி முட்டை ஓடுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண் படாமல் இருக்க என்பார்கள், அழகுக்கு என்பார்கள், உரம் என்றும் சொல்வார்கள். கோடு ஏதும் இல்லாத வெறும் வெள்ளை. இத்தனைக்கும் வேண்டிய சாமான் அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. செண்பகத்தோப்பில் மலையடிவாரத்துப் பளியர் மக்கள் தேன் எடுக்கிறவர்கள். தேன் இருக்குமிடத்தில் மெழுகு இருக்கும். மஞ்சளுக்கு மஞ்சள், செம்பழுப்புக்கு வெங்காயச் சருகு. வினிகர் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

தொடங்க நினைப்பவருக்கு என் யோசனை: சாயத்தையே விட்டுவிட்டு நாட்டுக்கோழி முட்டையில் தொடங்கலாம். அதன் பழுப்பு நிறம் ஓட்டின் மேல் அடுக்கில்தான் பெரும்பாலும் இருக்கிறது. உள்ளே போகப் போக வெளுப்பு. மெழுகால் கோலத்தை எழுதி, முட்டையை வினிகரில் சிறிது நேரம் போட்டு, நுரைத்து இளகியதைப் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்துக் கழுவினால், மெழுகுக்கு வெளியே வெள்ளை, மெழுகுக்கு அடியில் பழுப்பு. கோழி முட்டை ஓட்டின் கனம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் அதிகம் ஆசைப்படக் கூடாது. உக்ரைனில் முட்டையை அப்படியே விட்டுவிட, உள்ளே இருப்பது சில ஆண்டுகளில் தானே வற்றிக் காய்ந்துவிடும். அது குளிர்நாட்டுக் கதை. ஸ்ரீவில்லிபுத்தூர் சித்திரை வெயிலில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். ஊசியால் துளையிட்டு ஊதிக் காலி செய்துவிடுவதே அண்டை அயலாரோடு நல்லுறவுக்கு வழி.

அடுக்கடுக்காக நிறம் மாறும் ஓட்டுக்கு ஈமு முட்டைதான் பேர்போனது. மேலே கரும்பச்சை, சுரண்டினால் இளநீலப் பச்சை, அடியில் வெள்ளை. ஆஸ்திரேலியாவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அதைச் செதுக்கிப் படம் படைக்கிறார்கள், பழங்குடிக் கலைஞர்கள் உட்பட. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமுவில் பணம் போட்டு இழந்த ஆயிரக்கணக்கானோரிடம் போய் இந்த முட்டையின் அழகைப் பற்றி மட்டும் பேசிவிடக் கூடாது.

பட்னேத் துண்டுக்குத் திரும்பலாம். இந்தியாவில் நெருப்புக்கோழி இருந்ததா என்ற சந்தேகத்துக்கே 2017இல்தான் உறுதியான விடை கிடைத்தது. ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் கே. தங்கராஜ் உள்ளிட்ட குழுவினர், ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் கிடைத்த ஓடுகளிலிருந்து டிஎன்ஏ பிரித்து, இன்றைய ஆப்பிரிக்க நெருப்புக்கோழிக்கு உறவான பறவையே அது என்று காட்டினார்கள். ஓட்டின் சுண்ணாம்புப் படிகங்களுக்கு இடையே சிக்கிய டிஎன்ஏ வெப்ப நாட்டிலும் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதை எடுக்க ஓட்டைப் பொடியாக அரைத்தாக வேண்டும்.

வயதைக் கணிப்பதற்கும் விலை உண்டு. பட்னேக்குச் சொல்லப்படும் 25,000 என்ற எண் அங்கே கிடைத்த நெருப்புக்கோழி ஓட்டிலிருந்தே வந்தது. கரிமக் கணக்குக்கு ஓட்டை அமிலத்தில் போட்டுக் கரைத்து, நுரைத்து எழும் கரியமில வாயுவைப் பிடித்து, அதில் எஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளக்கிறார்கள். பள்ளிக்கூடத்து வினிகர்க் குவளையில் நடந்த அதே வேலைதான், குமிழி ஒன்றுகூடத் தப்பவிடாமல். கோடில்லாத துண்டுகள் அப்படிக் கரைந்துபோயின. அவை விட்டுச்சென்ற எண் கோடு போட்ட துண்டின் பெயரோடு சேர்த்து எழுதப்படுகிறது.