தச்சன் நூலும் தகடூர்க் காடும்

ஒகேனக்கல்லில் காவிரியைக் கடக்க உதவும் பரிசலை உற்று நோக்கினால் அதில் நேர்கோடு என்று ஒன்றைக் காண்பது அரிது. மூங்கிலைப் பிளந்து, வளைத்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, வட்ட விளிம்பு கட்டி முடித்துவிடுகிறார்கள். முன்னாளில் அதன்மேல் தோல் போர்த்தினர். இன்று பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் அப்பணியைச் செய்கின்றன. பாறைகளுக்கிடையே சுழலும் நீரில் நேர்கோட்டுக்கு வேலை இல்லை. ஆனால் கரையேறி ஒரு கதவுக்கோ கட்டிலுக்கோ மரம் அறுக்க முற்பட்ட உடனே மனிதனுக்கு நேர்கோடு வேண்டியிருக்கிறது. ஒரு கோடு மட்டும் போதாது. அதற்கு இணையாக, எவ்விடத்தும் ஒரே தொலைவில் ஓடும் இன்னொரு கோடும் வேண்டும். பலகை என்பதே இரண்டு இணைகோடுகளுக்கு இடைப்பட்ட மரம்தானே! அந்த இரண்டாம் கோட்டின் வரலாற்றைச் சிறிது பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒகேனக்கல் இருக்கும் தருமபுரி மாவட்டம் பழைய தகடூர் நாடு. அதியமான் நெடுமான் அஞ்சியின் நாடு. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அவன் பெயரைத் தாங்கி நிற்பதால், அவன் வெறும் பாட்டுடைத் தலைவன் அல்லன், வரலாற்று மாந்தன் என்பது உறுதியாயிற்று. அவனைப் பாடிய ஔவையாரின் புறநானூற்றுப் பாடல்களில் தச்சன் இருமுறை வருகிறான் என்பது பலரும் கருதாத செய்தி.

முதலாவது 87-ஆம் பாட்டு. ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு திங்கள் முழுதும் முயன்று ஒரே ஒரு தேர்க்காலைச் செய்தால் அது எப்படி இருக்கும்? அப்படிப்பட்டவன் எங்கள் வீரன் என்று பகைவரை எச்சரிக்கிறார் ஔவையார். கணக்குப் பார்த்தால், முப்பது நாளில் 240 தேர்களுக்குச் செல்ல வேண்டிய உழைப்பு ஒரு சக்கரத்துக்குள் அடங்கியிருக்கிறது. வேகமும் செம்மையும் ஒன்றல்ல என்பதையும், வேகமாகச் செய்யத் தெரிந்தவன் மெதுவாகச் செய்யும்போதுதான் உச்சமான செம்மை பிறக்கிறது என்பதையும் தொழில் தெரிந்தவர் மட்டுமே இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியும். இரண்டாவது 206-ஆம் பாட்டு. பரிசில் நீட்டித்த அதியமானின் வாயிலில் நின்று, மழுவோடு காட்டுக்குள் செல்லும் தச்சச் சிறுவர்க்கு எத்திசையிலும் மரம் கிடைப்பது போல எமக்கு எத்திசையிலும் சோறு கிடைக்கும் என்கிறார். அச்சிறுவரைக் 'கைவல்' சிறார் என அவர் குறிப்பது நோக்கத்தக்கது. அவர்களது செல்வம் காட்டில் இல்லை, கையில் இருக்கிறது.

அந்தக் கையின் திறம் எதைப் பற்றிக்கொண்டு நின்றது? நூலை. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் பகுதியில், நூலறிந்த வல்லுநர் நுட்பமாகக் கயிறிட்டுத் திசை பார்த்து அளந்த செய்தியை நக்கீரர் கூறுகிறார். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் 24 பெருவிரல் அளவுள்ள மூங்கிற்கோலால் 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமுமாக அரங்கம் அமைக்கப்படுகிறது. கயிறு நேர்மையைத் தருகிறது, கோல் தொலைவைத் தருகிறது. இவ்விரண்டும் சேர்ந்தால் இணைகோடு பிறந்துவிடும்.

நன்னூலார் இதனை அறிந்தே பயன்படுத்தினார். சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்க இலக்கணம் செய்த பவணந்தி முனிவர், நூல் என்னும் பெயருக்குப் பாயிரத்தில் இரண்டு காரணம் காட்டுகிறார். ஒன்று, பஞ்சைத் திரித்து இழையாக்கும் நூற்றல் தொழில். மற்றொன்று, தச்சனின் நூல். மரத்தின் கோணலைத் தீர்க்கும் நூல்போல மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூல் என்பது அவர் கருத்து. இதனைப் பாடம் நடத்தும்போது நாம் பெரும்பாலும் மனக்கோணலிலேயே நின்றுவிடுகிறோம். மரக்கோணலை நூல் எப்படித் தீர்க்கிறது என்று விளக்குவதில்லை. உவமையின் ஒரு கால் தரையில் ஊன்றாமல் நிற்கிறது.

அதனை விளக்குவோம். குழி ரம்பத்தால் பலகை அறுத்த காலத்தில் அடிமரத்தை வாய்ச்சியால் செதுக்கிச் சற்றே தட்டையாக்குவர். பிறகு இரு முனை முகங்களிலும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் செங்குத்துக் கோடு ஒன்று போடுவர். அக்கோட்டிலிருந்து பலகையின் கனத்தோடு ரம்பம் தின்னும் இடத்தையும் சேர்த்து, ஒரே அளவுக் குச்சியால் இருபுறமும் குறித்துக்கொண்டே செல்வர். இரு முனைக் குறிகளையும் இணைத்துக் கரியோ காவியோ தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் மரத்தின்மேல் நேர்கோடு விழும். மரத்தைப் புரட்டி மறுபக்கமும் அவ்வாறே செய்வர். பின் ஒருவர் மரத்தின்மேல் நிற்க, ஒருவர் குழிக்குள் நிற்க, அறுப்புத் தொடங்கும். மேலுள்ளவர் மேற்கோட்டையும் கீழுள்ளவர் கீழ்க்கோட்டையும் விடாமல் பின்பற்ற வேண்டும். ஒருவர் பிசகினாலும் பலகை முறுகிவிடும். பிசகிய பலகையோடு இருவரின் அன்றைய உழைப்பும் வீணாகும். 'ஈரும் வாள்' என்று நாளைச் சொன்ன வள்ளுவர் (குறள் 334) இந்த அறுப்பின் மெதுவான, திரும்பப்பெற இயலாத போக்கை அறிந்தவர் என்றே தோன்றுகிறது. அறுத்த மரம் ஒட்டாது.

இனி இன்றைய பட்டறைக்கு வருவோம். ஜெர்மனியில் 1925-இல் ஃபெட்சர், ஸ்டோல் என்னும் இருவர் தொடங்கிய நிறுவனம், அவ்விருவர் பெயரையும் இணைத்து ஃபெஸ்டோ எனப்பட்டது. 1960களில் அது, கையால் தள்ளும் வட்ட ரம்பம் வழி தவறாமல் ஓட அலுமினியச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சட்டத்தின் தடத்தில் ரம்பம் ஓடும். சட்டத்தின் விளிம்பே வெட்டுக்கோடு. இதுவே இன்று டிராக் சா எனப்படுகிறது. தச்சன் சுண்டிய நூல் உலோகமாக உறைந்துவிட்டது எனலாம். ஆனால் இச்சட்டம் ஒரு நேர்கோட்டைத்தான் தரும். ஒரே அகலத்தில் பத்துப் பலகை வேண்டுமெனில் ஒவ்வொரு முறையும் அளந்து குறிக்க வேண்டும். அந்தத் தொல்லையை நீக்க வந்தவை இணை வழிகாட்டிகள். சட்டத்தின் இரு முனைகளிலும் செங்குத்தாகப் பொருந்தும் அளவுக்கரங்கள் இரண்டு. அவற்றின் தடைக்கட்டைகள் பலகையின் விளிம்பைத் தொட்டு நிற்கும். இரண்டிலும் ஒரே அளவு வைத்தால் வெட்டுக்கோடு விளிம்புக்கு இணையாகிவிடும். சிலப்பதிகாரக் கோலின் பேரப்பிள்ளைகள் இவை.

இவற்றைப் பொருத்துவதில் நான்கு நெறிகள் உள்ளன. முதலாவது, தொட்டு நிற்கும் விளிம்பு நேராக இருக்க வேண்டும். ஆலையிலிருந்து வந்த பிளைவுட் விளிம்பை நம்பாமல் முதலில் ஒரு சிறு கீற்றை அறுத்துத் தள்ளிவிட வேண்டும். வளைந்த கோட்டிலிருந்து சமதூரம் அளந்தால் வளைவுதான் பிறக்கும். இரண்டாவது, கரங்கள் இரண்டும் இயன்றவரை விலகியிருக்க வேண்டும். 1000 மி.மீ. இடைவெளியில் உள்ள கரங்களில் அரை மி.மீ. வேறுபாடு இருந்தால், 2440 மி.மீ. நீளமுள்ள பலகையில் அது 1.22 மி.மீ. ஆகப் பெருகும். மூன்றாவது, அளவுகோலின் எண்ணை இருமுறை படிப்பதைவிட, ஒரே மரத்துண்டை இரு கரங்களிலும் வைத்துத் தடைக்கட்டைகளை இறுக்குவது மேல். பின் ஒரு கீற்றை அறுத்து அதன் இரு முனைகளையும் அளந்து பார்த்தே வேலையைத் தொடங்க வேண்டும். நான்காவது, மெல்லிய கீற்றுகளை அறுக்கும்போது சட்டத்துக்கு அடியில் தாங்கல் குறைந்து அது சாயும். ஆகவே அதே கனமுள்ள துண்டு ஒன்றை அண்டை கொடுக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் இணையாக இருப்பது செங்கோணமாகிவிடாது. மூலமட்டம் வைத்துப் பார்ப்பதும், இரு மூலைவிட்டங்களை அளந்து ஒப்பிடுவதும் தனி வேலை.

இந்நெறிகளில் புதியது எது? முனைகள் இரண்டிலும் ஒரே குச்சியால் குறித்த குழி ரம்பக்காரரின் அறிவுதான் மூன்றாம் நெறி. தூக்குக்குண்டால் முதற்கோட்டைத் திருத்தமாக இட்ட அவரது கவனமே முதல் நெறி. கருவி மாறியது, ஐயம் மாறவில்லை. 'தொடங்கும் இடம் நேரா?' என்ற ஐயம் அது. முதல் விளிம்பு கோணினால் அதன் துணையில் பிறக்கும் ஒவ்வொரு பலகையும் அக்கோணலைச் சற்றும் பிசகாமல் சுமக்கும். எவ்வளவு துல்லியமான கருவியோ அவ்வளவு துல்லியமாகப் பிழை பெருகும். நன்னூலாரின் உவமை இங்கே முழுமை பெறுகிறது. நூல் கோணலைத் தீர்க்கும் என்றால், அந்நூலை இழுத்துப் பிடிக்கும் இரு முனைகளும் முதலில் சரியாக இருந்தாக வேண்டும்.

ஒரு வருத்தமும் உண்டு. புலவர் தச்சனிடமிருந்து உவமை பெற்றனர். தச்சனின் செய்முறையை அவன் சொல்லிலேயே எழுதி வைத்தவர் மிகச் சிலர். வாய்ச்சி, மூலமட்டம், கொட்டாப்புளி, இழைப்புளி, தூக்குக்குண்டு என்னும் சொற்களை அறியாமலே இன்று முதுகலைத் தமிழ் முடித்துவிடலாம். அலுமினியச் சட்டம் பட்டறைக்குள் வருவதைக் குறை கூறுவதற்கில்லை. விரலைக் காக்கிறது, மரத்தை மிச்சப்படுத்துகிறது, வரட்டும். ஆனால் நூல் சுண்டி அறுத்த கடைசித் தலைமுறையினர் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து சொற்களையும் செய்முறைகளையும் குறித்துக்கொள்வது தமிழ் படித்தோர் செய்யக்கூடிய சிறு கடன். எட்டுத் தேர் செய்யும் விரைவு நமக்கு இருக்கிறது. ஒரு காலுக்கு ஒரு திங்கள் செலவிடும் பொறுமையையும் இதற்கென ஒதுக்கலாம்.